“பரவால்ல டாக்டர்”னா எத்தன மார்க்? நாயோட தோல் அலர்ஜிக்கு ட்ரீட்மெண்ட் வேலை செய்யுதான்னு பாக்கறது எப்படி

ராத்திரி 2 மணிக்கு சளப் சளப்னு ஒரு சத்தம். குழாய சரியா மூடலையோன்னு எழுந்து போய் பாத்தா குழாய் மூடித்தான் இருக்கு, கட்டில் பக்கத்துல லட்டு படுத்துக்கிட்டு முன்னங்கால் பாதத்த நக்கிட்டு இருக்கான். லட்டு எங்க வீட்டு லேப்ரடார், 4 வயசு, 31 கிலோ. ஒன்றரை வயசுல ஆரம்பிச்சது இந்த நக்கல் (கிண்டல் இல்லைங்க, நெஜ நக்கல்), அப்புறம் காது, அப்புறம் அக்குள், அப்புறம் வயிறுன்னு ஒவ்வொண்ணா சேந்துச்சு. ரெண்டு மூணு டாக்டர் மாறி, ஊசி போட்டு, மாத்திரை குடுத்து, குறைஞ்சு, மறுபடி வந்து, நாய் வெச்சிருக்கற பாதிப் பேருக்கு இந்தக் கதை தெரியும்.

இப்ப பாக்கற டாக்டர்கிட்ட ரெண்டாவது தடவ போனப்ப அவங்க கேட்டாங்க, “மாத்திரை ஆரம்பிச்சு ரெண்டு வாரம் ஆச்சே, இப்ப எப்படிம்மா இருக்கான்?” நான் “பரவால்ல டாக்டர், முன்னாடிக்கு இப்ப தேவல”ன்னேன். அதே நேரத்துல பக்கத்துல நின்ன எங்க வீட்டுக்காரர் “எங்க, அப்படியேதான் இருக்கு”ன்னார். ஒரே வீடு, ஒரே நாய், ரெண்டு பதில். டாக்டர் சிரிச்சுட்டு “சரி, பரவால்லன்னா பத்துக்கு எத்தன மார்க்? போன தடவ வந்தப்ப எத்தன?”ன்னாங்க. ரெண்டு பேரும் முழிச்சோம்.

அந்த முழியில இருந்துதான் இந்தக் கட்டுரை. மருந்து எது நல்லதுன்னு நெட்ல ஆயிரம் பேர் எழுதறாங்க, ஆனா குடுக்கற மருந்து வேலை செய்யுதா இல்லையான்னு வீட்ல எப்படிக் கணக்கு வெக்கறதுன்னு யாரும் சொல்லித் தர்றதில்ல. டோஸ் எதுவும் இங்க எழுதப் போறதில்ல, அது நாய எடை போட்டுப் பாத்து டாக்டர் சொல்ல வேண்டியது.

முதல்ல ஒரு விஷயத்த மனசுல ஏத்திக்கணும், எனக்கு இது ஏற ரெண்டு வருஷம் ஆச்சு. இந்த அலர்ஜி காய்ச்சல் மாதிரி வந்து போறது இல்ல, சுகர் பிபி மாதிரி கூடவே இருக்கறது. அதனால “சரியாயிடுச்சா”ன்னு கேட்டா எப்பவுமே “இல்ல”ங்கற பதில்தான் வரும், நாமளும் மனசு ஒடஞ்சு டாக்டர மாத்திட்டே இருப்போம். “கட்டுக்குள்ள இருக்கா”ன்னு கேக்கணும். சுகர் கட்டுக்குள்ள இருக்கான்னு தெரிய ரத்தம் எடுத்து நம்பர் பாக்கறோம்ல, அந்த மாதிரி இதுக்கும் ஒரு நம்பர் வேணும். தோல் அலர்ஜிக்கு ரத்தத்துல அப்படி ஒரு நம்பர் கிடையாது. அலர்ஜி டெஸ்ட்னு ஒரு ரத்த டெஸ்ட் எடுப்பாங்களே, அது எதெதுக்கு அலர்ஜின்னு தேடறதுக்கு, மருந்து வேலை செய்யுதான்னு சொல்றதுக்கு இல்ல. ஆக அந்த நம்பர நாமதான் நம்ம கண்ணால பாத்து எழுதணும்.

அலர்ஜில என்ன வகைன்னு சுருக்கமா சொல்லிடறேன். ஒண்ணு தெள்ளுப்பூச்சி அலர்ஜி, பூச்சியோட எச்சிலுக்கு வர்றது, பெரும்பாலும் முதுகோட பின் பாதியும் வால் அடியும் கடிச்சுக் கடிச்சு முடி கொட்டும். ரெண்டாவது சாப்பாட்டு அலர்ஜி. மூணாவது வீட்டுத் தூசில இருக்கற கண்ணுக்குத் தெரியாத பூச்சி, மகரந்தம், பூஞ்சைன்னு சுத்தி இருக்கற விஷயங்களுக்கு வர்றது, இதத்தான் அட்டோபிக் டெர்மடைட்டிஸ்னு சொல்றாங்க, பெரும்பாலும் 6 மாசத்துல இருந்து 3 வயசுக்குள்ள ஆரம்பிக்கும், பாதம், காது, முகம், அக்குள், வயிறுன்னு பிடிக்கும். ஒரே நாய்க்கு மூணுமே இருக்கலாம். நம்ம லட்டுக்கு ரெண்டு, அது எப்படித் தெரிஞ்சதுன்னு கீழ வருது.

சரி, நம்பருக்கு வருவோம். டாக்டர்ங்க பயன்படுத்தற ஒரு அரிப்பு ஸ்கேல் இருக்கு, 0ல இருந்து 10 வரைக்கும் ஒரு கோடு, ஒவ்வொரு படிக்கும் பக்கத்துல ஒரு விளக்கம். நான் புரிஞ்சுகிட்ட மாதிரி சொல்றேன். 0 பக்கம்னா மத்த நாய் மாதிரி, எப்பவாவது ஒரு சொறி, அவ்ளோதான். 2னா வழக்கத்தவிட லேசா கொஞ்சம் ஜாஸ்தி. 4னா அடிக்கடி சொறியறான், ஆனா தூங்கறப்ப, சாப்பிடறப்ப, பந்து போட்டா விளையாடறப்ப மறந்துடறான். 6னா முழிச்சிருக்கற நேரத்துல நீளமா சொறியறான், தூக்கத்துல கூட எழுந்து சொறியறான், ஆனா சாப்பாடு விளையாட்டுன்னா இன்னும் விட்டுட்டு வர்றான். 8னா சாப்பாட்டத் தட்டுல வெச்சாலும் பாதில நிறுத்திட்டு சொறியறான். 10னா நிறுத்தவே மாட்டேங்கறான், புடிச்சு வெக்க வேண்டியிருக்கு, டாக்டர் டேபிள் மேல நின்னுகிட்டும் சொறியறான்.

இதுல அழகு என்னன்னா எத்தன தடவ சொறிஞ்சான்னு எண்ண வேண்டியதில்ல, “சொறியறது அவனோட எந்த வேலையக் கெடுக்குது”ன்னு பாத்தாப் போதும். தூக்கத்தக் கெடுக்குதா, விளையாட்டக் கெடுக்குதா, சோத்தக் கெடுக்குதா. லேப்ரடார் ஒண்ணு சோத்த விட்டுட்டு சொறியுதுன்னா அது எவ்ளோ பெரிய விஷயம்னு லேப் வெச்சிருக்கறவங்களுக்குத் தெரியும்.

இங்க நிறைய பேர் தப்பு பண்ற இடம் ஒண்ணு இருக்கு, நானும் பண்ணேன். கால வெச்சு சொறிஞ்சாதான் அரிப்புன்னு நெனச்சுக்கறோம். பாதத்த நக்கறது, பல்லால கொறிக்கறது, சோபால மூஞ்சியத் தேய்க்கறது, தரையில பின்பக்கத்த இழுத்துட்டுப் போறது, காத உதறிக்கிட்டே இருக்கறது எல்லாமே அரிப்பு கணக்குதான். “எங்க நாய் சொறியறதே இல்ல, சும்மா கால நக்கும், அது அதோட பழக்கம்”னு எங்க அபார்ட்மெண்ட்லயே ஒருத்தர் சொல்றார், அந்த நாயோட நாலு பாதமும் செங்கல் கலர்ல இருக்கு. அந்தக் கலர் எச்சில்ல இருக்கற ஒரு நிறமிப் பொருளால வர்றது, வெள்ளை, சந்தனக் கலர் நாய்ங்களுக்கு நல்லாத் தெரியும்.

அந்தச் செங்கல் கலர வெச்சே ஒரு கணக்குப் பாக்கலாம். கறை ஏறின முடி மறுபடி வெளுக்காது, வளந்து உதிரணும். அதனால மருந்து வேலை செஞ்சாலும் பாதம் பல வாரம் செவப்பாவே இருக்கும், நாம “இன்னும் நக்கிட்டுதான் இருக்கான்”னு நெனச்சுக்குவோம். விரலால முடியப் பிரிச்சு அடியில, தோலோட ஒட்டின இடத்தப் பாருங்க. அடிமுடி சுத்தமா வெளிர் கலர்ல முளைச்சு வருதுன்னா நக்கறது குறைஞ்சிருக்குன்னு அர்த்தம், அடி வரைக்கும் செவப்புன்னா நாம தூங்கறப்ப அவன் ஓவர்டைம் பாக்கறான்னு அர்த்தம். ஹேர் டை அடிச்சவங்களுக்கு வேர்ல நரை தெரியற மாதிரியேதான், அப்படியே தலைகீழா.

மார்க்க எங்க எழுதறது? ஆப் இருக்கு, எக்செல் இருக்கு, எல்லாம் ரெண்டு நாள்தான் தாங்குச்சு. எங்க வீட்ல கடைசியா நின்னது கிச்சன்ல தொங்கற மளிகைக்கடை மாச காலண்டர். அதுல ஏற்கனவே பால் கணக்கு எழுதறோம், 2 பாக்கெட், 3 பாக்கெட்னு. அதே கட்டத்துல கீழ் மூலையில சிவப்பு பேனால லட்டுவோட மார்க். ராத்திரி பாத்திரம் கழுவி முடிச்சுட்டு, கடைசி 24 மணி நேரத்த மனசுல ஓட்டிப் பாத்து ஒரு நம்பர். முடிஞ்சவரைக்கும் ஒரே ஆள் போடணும், ஏன்னா எனக்கு 4 அவருக்கு 6, அது ரெண்டையும் கலந்தா கணக்கு நாறிடும். நேத்து என்ன போட்டோம்னு பாக்காம போடறது இன்னும் நல்லது, பாத்தா கை தானா அதையே போடும். அதே கட்டத்துல குளிப்பாட்டினா “கு”, தெள்ளுப்பூச்சி மாத்திரை குடுத்தா “பூ”, காது மருந்துக்கு “கா”, புதுசா ஏதாவது தின்னா அது. அவ்ளோதான் சிஸ்டம்.

ஒரு நாள் மார்க்க வெச்சு எதையும் முடிவு பண்ணாதீங்க. தீபாவளி அன்னிக்கு பயந்து போய் நக்குவான், விருந்தாளி வந்தா அந்தக் குஷியில மறந்துடுவான். வாரத்துக்கு ஒரு சராசரி எடுத்துப் பாத்தா ஏறுதா இறங்குதான்னு புரியும். மருந்து ஆராய்ச்சிகள்ல ஆரம்ப மார்க்ல பாதியா குறைஞ்சா வேலை செஞ்சுதுன்னு எடுத்துக்கறது வழக்கம், 2க்குக் கீழ வந்துட்டா கிட்டத்தட்ட சாதாரண நாய் கணக்கு. லட்டு ஆரம்பத்துல 8, இப்ப நல்ல மாசத்துல 2, 3. 0 வரும்னு நான் எதிர்பாக்கறதையே விட்டுட்டேன், நெஜமா சொன்னா அதுக்கப்புறம்தான் நிம்மதி.

அரிப்புக்கு நாம மார்க் போடற மாதிரி தோலுக்கு டாக்டர் ஒரு மார்க் போடுவாங்க. ஆராய்ச்சிகள்ல பயன்படற ஒரு முறையில உடம்புல 20 இடம், ஒவ்வொரு இடத்துலயும் செவப்பு, தடிப்பு, முடி கொட்டி ரணமாயிருக்கறதுன்னு 3 விஷயம், ஒவ்வொண்ணுக்கும் 0ல இருந்து 3, மொத்தம் 180க்கு. வீட்ல நமக்கு அது தேவையில்ல, போட்டோ போதும். ஆனா போட்டோவ ஒழுங்கா எடுக்கணும். எங்க வீட்ல ஞாயித்துக்கிழம காலைல பால்கனி வெளிச்சத்துல 4 போட்டோ: வயிறு, ரெண்டு முன்பாதத்த விரிச்சு விரலிடுக்கு, காத மடிச்சு உள்பக்கம் ஒண்ணு. எப்பவும் அதே இடம், அதே தூரம். ஒரு வாரம் ட்யூப்லைட்ல, ஒரு வாரம் வெயில்லன்னு எடுத்தா செவப்பு கூடிச்சா குறைஞ்சுதான்னு கடவுளுக்கும் தெரியாது.

ரொம்ப நாள் அரிப்பு இருந்த இடம் கருத்து தடிச்சு யானைத்தோல் மாதிரி ஆயிடும். அரிப்பு நின்னாலும் அந்தக் கருப்பு மறைய மாசக்கணக்குல ஆகும். அதப் பாத்து “மருந்து கேக்கல”ன்னு மாத்தறவங்க உண்டு. கருப்பு பழைய கதை, செவப்பும் சூடும் வாடையும்தான் இன்னிக்குள்ள செய்தி. கருத்த தோல்ல செவப்பு தெரியாது, புறங்கையால தொட்டுப் பாத்தா சூடு தெரியும்.

இப்ப இந்த விஷயத்துலயே முக்கியமான இடத்துக்கு வர்றேன். நம்பர் ஏறினா உடனே அலர்ஜி ஏறிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. ஏதோ மாறியிருக்குன்னுதான் நம்பர் சொல்லும், என்ன மாறுச்சுன்னு சொல்லாது.

போன நவம்பர். நாலு மாசமா 3லயே ஓடிட்டு இருந்தவன் மழை ஆரம்பிச்சு பத்து நாள்ல 6க்கு வந்துட்டான். மாத்திரைய ரெண்டு வேளையாக்கலாமான்னு எனக்கு கை துறுதுறுங்குது, கைவசம் ஸ்ட்ரிப்பும் இருக்கு. நல்ல வேளை போன் பண்ணேன், டாக்டர் “மாத்திரையத் தொடாதீங்க, குளிப்பாட்டாம அப்படியே கூட்டிட்டு வாங்க”ன்னாங்க. போனா விரலிடுக்குல ஒரு செல்லோடேப்ப ஒட்டி எடுத்து, சாயத்துல முக்கி, மைக்ராஸ்கோப்ல வெச்சு என்னையும் பாக்கச் சொன்னாங்க. ரெண்டு பருப்பு இருக்கற வேர்க்கடலைய முழுசா ஊதாக் கலர்ல போட்டு வாரி இறைச்ச மாதிரி இருந்துச்சு. மலசீசியான்னு ஒரு ஈஸ்ட், எல்லா நாய்த் தோல்லயும் கொஞ்சமா இருக்கறதுதான், ஈரமும் அலர்ஜியும் சேந்தா பெருகிடும். அதுவே தனியா அரிப்பக் கிளப்பும். மாத்திரை அப்படியே, குளோர்ஹெக்ஸிடினும் மைக்கொனசோலும் கலந்த ஷாம்பூல வாரம் ரெண்டு தடவ குளியல், நுரைய 10 நிமிஷம் விட்டுட்டு கழுவணும், நல்லாத் துடைக்கணும், அவ்ளோதான் சொன்னாங்க. மூணாவது வாரம் மறுபடி 3. நான் பாட்டுக்கு மாத்திரைய ஏத்தியிருந்தா ஒண்ணு குறைஞ்சிருக்காது, இல்ல கொஞ்சம் குறைஞ்ச மாதிரி காட்டிட்டு உள்ள ஈஸ்ட் பாட்டுக்கு வளந்திருக்கும்.

அந்த 10 நிமிஷம் பத்தி ஒரு வார்த்தை. 31 கிலோ நாய நுரையோட 10 நிமிஷம் நிறுத்தி வெக்கறது மனுஷன் பண்ற வேலை இல்ல. ஆனா 2 நிமிஷத்துல கழுவிட்டு “ஷாம்பூ கேக்கல”ன்னு டாக்டர்கிட்ட சொல்றது நியாயமும் இல்ல. போன்ல டைமர் வெச்சுட்டு வயித்துல தடவிக் குடுத்துட்டே உக்காந்திருங்க.

ஈஸ்ட் மாதிரியே பாக்டீரியாவும் வரும், பெரும்பாலும் ஸ்டஃபைலோகாக்கஸ் வகை. சின்னச் சின்னக் கொப்புளம், அது ஒடஞ்சு வட்டமா, விளிம்புல தோல் உரிஞ்சு நிக்கும். இதப் பாத்துட்டு படர்தாமரைன்னு நெனச்சு மெடிக்கல் ஷாப்ல மனுஷங்களுக்கு விக்கற க்ரீமத் தடவறது நம்ம ஊர்ல பரவலா நடக்குது, அதுல பலதுல ஸ்டீராய்டு கலந்திருக்கும், நாய் அத நக்கியும் தின்னும். வேப்பெண்ணெய், தேங்காய் எண்ணெய், மஞ்சள் விழுதும் இதே கதைதான். திட்டல, பாசத்துலதான் பண்றோம், ஆனா எண்ணெயும் மஞ்சளும் பூசின தோல்ல டாக்டருக்கு செவப்பும் தெரியாது, டேப்பும் ஒட்டாது. அதனாலதான் ரிவ்யூக்கு போறதுக்கு ரெண்டு மூணு நாள் முன்னாடில இருந்து குளிப்பாட்டாதீங்க, அன்னிக்கு காத சுத்தம் பண்ணாதீங்கன்னு சொல்றாங்க. நாம என்னமோ பொண்ணு பாக்கப் போற மாதிரி பளபளன்னு சீவிக் கூட்டிட்டுப் போறோம், சாட்சியெல்லாம் பாத்ரூம் சாக்கடைல போயிடுது.

ஆக நம்பர் திடீர்னு ஏறினா மருந்து டப்பாவத் தொடறதுக்கு முன்னாடி காலண்டரப் பின்னாடி புரட்டுங்க. “பூ” எப்ப? சில பூச்சி மாத்திரை ஒரு மாசம், சிலது 12 வாரம், தேதி தாண்டிடுச்சா? தெள்ளு கண்ணுல படலன்னாலும் இல்லன்னு ஆகாது, அலர்ஜி இருக்கற நாய்க்கு ஒண்ணு ரெண்டு கடி போதும். வாலடில சீப்புல வாரி வர்ற கறுப்புத் தூள ஈர வெள்ளை டிஷ்யூல போடுங்க, செம்பழுப்பா கரைஞ்சா அது தெள்ளோட கழிவு, அதாவது நம்ம நாயோட ரத்தம். காது நாறுதா? எங்கயாவது புளிச்ச மாவு வாடை வருதா? புதுசா என்ன தின்னான்? நாலுல ஏதாவது ஒண்ணு பெரும்பாலும் மாட்டும். அரிப்புங்கறது ஒரு குடம் மாதிரி, தூசி கொஞ்சம், தெள்ளு கொஞ்சம், ஈஸ்ட் கொஞ்சம்னு ஊத்திட்டே இருந்து விளிம்பத் தாண்டறப்பதான் நாய் சொறிய ஆரம்பிக்கும். தூசியப் பெருசா ஒண்ணும் பண்ண முடியாது, ஆனா தெள்ளையும் ஈஸ்ட்டையும் எடுத்துட்டா குடம் வழியாது. நாய்க்கு அலர்ஜி போகல, ஆனா சொறியல.

அடுத்து, ஒவ்வொரு மருந்துக்கும் ஒரு நேரம் உண்டு, அந்த நேரத்துலதான் அதுக்கு பரீட்சை வெக்கணும். பிரெட்னிசலோன் மாதிரி ஸ்டீராய்டு ஒண்ணு ரெண்டு நாள்லயே காட்டிடும். ஒக்லாசிடினிப், அதாவது அபோக்வெல்னு வர்ற மாத்திரை, முதல் நாளே வேலைய ஆரம்பிச்சுடும். இதுல ஒரு சங்கதி: முதல் 14 நாள் வரைக்கும் ரெண்டு வேளை, அப்புறம் ஒரு வேளைன்னு குறைப்பாங்க, குறைச்ச வாரம் மார்க் ஒண்ணு ரெண்டு ஏறறது சகஜம். இது தெரியாம லட்டுவுக்கு 15வது நாள் 2ல இருந்து 4 ஆனதும் “மருந்து பவர் போயிடுச்சு”ன்னு நான் அழாத குறை. லோகிவெட்மாப்னு ஒரு ஊசி, சைட்டோபாயிண்ட்ங்கற பேர்ல வர்றது, அரிப்புச் செய்திய நரம்புக்குக் கொண்டு போற இன்டர்லூக்கின் 31ங்கற புரதத்தப் பிடிச்சு வெச்சுக்கும், வழக்கமா 4ல இருந்து 8 வாரம் தாங்கும். அது 4ஆ 8ஆங்கறது நாய்க்கு நாய் மாறும், அதச் சொல்லப் போறது டாக்டர் இல்ல, உங்க காலண்டர். ஊசி போட்ட தேதில இருந்து எத்தனாவது வாரம் மார்க் ஏற ஆரம்பிக்குதுன்னு பாத்தா அடுத்த ஊசி எப்பன்னு தெரிஞ்சுடும்.

சைக்ளோஸ்போரின் வேற மாதிரி, முழுசா வேலை தெரிய 4ல இருந்து 6 வாரம் ஆகும், ரெண்டாவது வாரமே “கேக்கல”ன்னு நிறுத்தினா காசும் போச்சு மருந்தும் போச்சு. மீன் எண்ணெய் வகையறா ரெண்டு மூணு மாசம் ஆகும். அலர்ஜிக்குன்னே அந்த நாய்க்காகத் தயார் பண்ற தடுப்பு ஊசி, இம்யூனோதெரபி, அதுக்கு ஒரு வருஷம் குடுத்துதான் பாஸா பெயிலான்னு முடிவு சொல்லணும். அந்த ஒரு வருஷத்துல நம்பர் எழுதி வெக்கலன்னா யாருக்கு ஞாபகம் இருக்கும் சொல்லுங்க, போன வருஷம் இதே மாசம் எத்தன நாள் தூங்கலன்னு?

இதுல இருந்து வர்ற ஒரு விதி, ஒரு நேரத்துல ஒரு மாத்தம்தான். ஷாம்பூவ மாத்தி, சாப்பாட்ட மாத்தி, மாத்திரைய மாத்தி எல்லாத்தையும் ஒரே ஞாயித்துக்கிழம ஆரம்பிச்சா, குறைஞ்சாலும் எதனால குறைஞ்சுதுன்னு தெரியாது, கடைசில மூணையும் ஆயுசு முழுக்க செலவு பண்ணிட்டு இருப்போம். நாய் ரொம்பக் கஷ்டப்படறப்ப டாக்டரே ரெண்டு மூணு சேத்து ஆரம்பிப்பாங்க, அது சரிதான், அப்புறம் ஒவ்வொண்ணா எடுத்துப் பாப்பாங்க.

சாப்பாட்டு அலர்ஜியக் கண்டுபிடிக்கறதும் முழுக்க முழுக்க இந்த எழுதற வேலைதான். ரத்தம், எச்சில், முடி எடுத்து சாப்பாட்டு அலர்ஜி சொல்றோம்னு டெஸ்ட் விக்கறாங்க, அத நம்பி முடிவெடுக்க முடியாது. முன்ன சாப்பிடாத ஒரு புரதம், இல்லன்னா ஹைட்ரோலைஸ்டுன்னு புரதத்த பொடிப்பொடியா ஒடச்ச சாப்பாடு, அது மட்டும்தான் 8 வாரம், வேற ஒரு துளி கிடையாது. எங்க முதல் முயற்சி 5வது வாரம் செத்துப் போச்சு. மாமா (எங்க மாமனார்) தினம் ராத்திரி தயிர்சாதம் சாப்பிட்டுட்டு தட்ட கீழ வெப்பார், லட்டு பாத்திரம் கழுவிக் குடுப்பான். கேட்டா “நான் எங்க போட்டேன், தட்டத்தான வெச்சேன், பாவம் குழந்த”ங்கறார். மறுபடி முதல்ல இருந்து 8 வாரம். இந்தத் தடவ வாசல்ல, கிச்சன்ல, மாமா நாற்காலிக்கு எதிர்ல எல்லாம் நோட்டீஸ். சிக்கன் வாசனை போட்ட சவைக்கற மாத்திரை கூட டாக்டர்ட்ட கேட்டு மாத்தினோம். மார்க் 6ல இருந்து மெதுவா 4, அப்புறம் 3, 4ன்னு நின்னுச்சு.

இங்கதான் பாதிப் பேர் நிறுத்திடறாங்க, குறைஞ்சுடுச்சே போதும்னு. ஆனா குறைஞ்சது சாப்பாட்டாலயா, இல்ல அந்த ரெண்டு மாசத்துல சீசன் மாறினதாலயா? பழைய சாப்பாட்ட திருப்பிக் குடுத்துப் பாத்தாதான் தெரியும். பெரும்பாலும் ரெண்டு வாரத்துக்குள்ள பதில் வந்துடும். மனசே வராம கோழிய திருப்பிக் குடுத்தோம், நாலாவது நாள் 6, காது ரெண்டும் தக்காளி. நிறுத்தினோம், இறங்கிச்சு. அரிசி, முட்டை, தயிரெல்லாம் ஒவ்வொண்ணா குடுத்துப் பாத்தப்ப எதுவும் ஆகல, பாவம் மாமா அந்த தட்டு விஷயத்துல நிரபராதி. கோழி போயும் மார்க் 3, 4ல நின்னதால மீதி அட்டோபிக்னு முடிவு பண்ணாங்க. எல்லாம் அந்த சிவப்பு பேனாதான்.

அரிப்பு குறையறது மட்டும் கண்காணிப்பு இல்ல, மருந்து வேற எங்கயாவது கை வைக்குதான்னு பாக்கறதும்தான். ஸ்டீராய்டு ஓடறப்ப நாய் ஜாஸ்தி தண்ணி குடிக்கும், ஜாஸ்தி ஒண்ணுக்குப் போகும், பசி பசின்னு அலையும், எடை ஏறும். தண்ணிய அளக்கறது சுலபம், காலைல அளவு ஜக்கால ஊத்துங்க, மறுநாள் மீதிய அளந்து கழிங்க. ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிக்கு மேல ஒரு நாள்ல குடிச்சா அது அதிகம், லட்டு கணக்குக்கு 3 லிட்டரத் தாண்டினா போன் பண்ணணும். ஸ்டீராய்டு ரொம்ப நாள் ஓடினா மூத்திரப் பையில கிருமி இருந்தாலும் வெளிய அறிகுறியே காட்டாம மறைச்சுடும், அதனால நாய் நல்லாத்தான இருக்குன்னு விடாம யூரினும், கல்லீரலுக்கு ரத்தமும் டாக்டர் சொல்ற இடைவெளில எடுக்கணும். இன்னொண்ணு, நாலு நாள் நல்லா இருக்கான்னு நாமளா டக்குனு நிறுத்தக் கூடாது, படிப்படியா இறக்குவாங்க. சைக்ளோஸ்போரின்னா வாந்தி, பேதி, ஈறு வீங்கி வளர்றது. ஒக்லாசிடினிப்னா அப்பப்ப ரத்தம் பாப்பாங்க, நாம குளிப்பாட்டறப்ப புதுசா கட்டி ஏதாவது தட்டுப்படுதான்னு உடம்பத் தடவிப் பாத்துக்கணும். மாசம் ஒரு தடவ எடை, டோஸ் எல்லாம் கிலோ கணக்குல இருக்கறதால இது கட்டாயம். வீட்ல மெஷின்ல நாம நாயத் தூக்கிட்டு ஏறி, அப்புறம் தனியா ஏறி கழிக்கற முறை பக் நாய்க்கு சரி, லேபுக்கு முதுகு போயிடும், க்ளினிக் தராசுலயே நிறுத்துங்க.

ரிவ்யூக்கு போறப்ப காலண்டர் தாள கிழிச்சு கொண்டு போக வேண்டாம், போட்டோ எடுத்துக்கிட்டாப் போதும் (பால்காரருக்கும் கணக்கு வேணுமே). கூடவே ராத்திரி நக்கற வீடியோ ஒண்ணு, ஏன்னா க்ளினிக் வாசல மிதிச்சதும் எல்லா நாயும் சிலை, ஒரு சொறி சொறியாது, நாம என்னமோ பொய் சொல்ற மாதிரி ஆயிடும். மாத்திரை அட்டை, ஷாம்பூ பாட்டில் எல்லாத்தையும் ஒரு மஞ்சப்பைல போட்டு எடுத்துட்டுப் போங்க, “அந்த வெள்ளக் கலர் மாத்திரை டாக்டர்”ங்கறத விட அது நேரத்த மிச்சப்படுத்தும்.

இந்த மாசம் லட்டு 2, 2, 3, 2ன்னு அழகா ஓடிட்டு இருந்தான். போன வியாழக்கிழம திடீர்னு 5. பூச்சி மாத்திரை தேதி சரியா இருக்கு, காது சுத்தம், வாடையும் இல்ல, டிஷ்யூலயும் ஒண்ணும் கரையல. காலண்டர் முன்னாடி நின்னு பின்னாடி கட்டமா பாத்துட்டே போனேன். திங்கக்கிழம கட்டத்துல, 2 பாக்கெட் பாலுக்குக் கீழ, பென்சில்ல, மாமாவோட குட்டிக் குட்டி எழுத்துல: “சிக்கன் பஃப்ஸ், பாதி.”